எச். பைலோரி தொற்றை நோய் எதிர்ப்பு மரபணுக்கள் வழியே கண்டறிவது: ஆய்வில் இறங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி (சுருக்கமாக எச். பைலோரி) என்ற பாக்டீரியாவைக் கண்டுபிடிக்க ஏற்கெனவே நல்ல சோதனைகள் இருக்கின்றன. யூரியா மூச்சுச் சோதனை, மலத்தில் ஆன்டிஜென் தேடும் சோதனை, எண்டோஸ்கோபியின்போது கிள்ளியெடுத்த திசுவை வைத்துச் செய்யும் யூரியேஸ் சோதனை என்று மூன்று வழிகள் கைவசம் உள்ளன. பிறகு எதற்கு மனித மரபணுக்களை அளக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் ஆய்வில் இறங்குபவர்கள் நிறைய. தொற்று உள்ளவர்கள் ஒரு பக்கம், ஆரோக்கியமானவர்கள் மறுபக்கம், நடுவில் ஒரு மென்பொருள். கடைசியில் பத்து மரபணுக்களின் பட்டியல். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் 'அழற்சி இருக்கிறது' என்பதைத் தவிர வேறு செய்தி இருக்காது. அழற்சியைத்தான் நோய்க்குறியியல் மருத்துவர் மைக்ரோஸ்கோப்பிலேயே பார்த்துவிடுகிறாரே.

என் கருத்து இதுதான்: கிருமி இருக்கிறதா என்பதைக் கிருமியைத் தேடும் சோதனையே நன்றாகச் சொல்லும். நம் மரபணுக்களிடம் கேட்க வேண்டியது வேறு. இந்தக் கிருமி இந்த இரைப்பையில் என்ன செய்துகொண்டிருக்கிறது, கிருமி கண்ணில் படாத நேரத்தில் அதன் தடம் தெரிகிறதா என்ற கேள்விகள் அவை. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த நோக்கத்தை வைத்தே எழுதப்பட்டவை. முதுநிலை மாணவர்கள், ஆய்வில் ஆர்வமுள்ள மருத்துவர்கள், இப்படியொரு ஆய்வுக்கட்டுரை கையில் கிடைத்தால் எப்படி எடைபோடுவது என்று யோசிப்பவர்கள் எல்லாருக்கும் உதவும்.

படி 1: உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1982 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தக் கிருமியை முதன்முதலில் வளர்த்தெடுத்தார்கள். ஈஸ்டர் விடுமுறையால் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள் இன்குபேட்டரிலேயே கிடந்தன. மெதுவாக வளரும் கிருமிக்கு அந்த அவகாசம் தேவைப்பட்டிருக்கிறது. 1984-இல் மார்ஷல் அதைத் தானே குடித்தார். சில நாட்கள் கழித்து அவர் இரைப்பையிலிருந்து எடுத்த திசுவில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் திரண்டிருந்தன. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்த நியூட்ரோஃபில்களை அழைத்து வந்தது எது என்பதிலிருந்துதான் நம் கதை தொடங்குகிறது.

பல பாக்டீரியாக்களை நம் உடம்பு அவற்றின் கசையிழையைக் கொண்டு அடையாளம் காணும். அந்த வேலையைச் செய்வது டிஎல்ஆர்5 என்ற ஏற்பி. எச். பைலோரியின் கசையிழைப் புரதம் அந்த ஏற்பியிடம் சிக்காத வடிவத்தில் இருக்கிறது. அதன் வெளிச்சவ்வில் உள்ள லிப்போபாலிசாக்கரைடும் மற்ற கிருமிகளினுடையதைப் போலக் கடுமையாக டிஎல்ஆர்4 என்ற இன்னொரு ஏற்பியைத் தூண்டுவதில்லை. ஆக, வழக்கமான மணிகள் இரண்டும் சத்தமாக அடிப்பதில்லை.

அடிக்கும் மணி வேறு. கேக் நோய்த்தீவு என்ற மரபணுத் தொகுதி உள்ள வகைகள், ஊசி போன்ற ஒரு சுரப்பமைப்பால் கேக்ஏ என்ற புரதத்தையும் தங்கள் செல்சுவரின் துண்டுகளையும் நம் செல்லுக்குள் செலுத்துகின்றன. உள்ளே இருக்கும் நாட்1 என்ற ஏற்பி அந்தச் சுவர்த்துண்டுகளை அடையாளம் கண்டு, அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பாபி என்ற புரதத்தைத் தட்டியெழுப்புகிறது. உடனே ஐஎல்-8 மரபணு வேகமாகப் படியெடுக்கப்படுகிறது. சிஎக்ஸ்சிஎல்8 என்று ஆய்வுகளில் வருவதும் இதுதான். நியூட்ரோஃபில்கள் அந்த ஐஎல்-8-ஐ மோப்பம் பிடித்து வருகின்றன.

நாள்பட நாள்பட இன்னொரு அடுக்கு சேர்கிறது. டிஎச்1, டிஎச்17 வகை டி செல்களும் (இவையும் நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்கள்தான்) அவற்றோடு ஐஎஃப்என்ஜி, ஐஎல்17ஏ மரபணுக்களும் வருகின்றன. கூடவே, சண்டையை அடக்கிவைக்கும் ஃபாக்ஸ்பி3 கொண்ட ஒழுங்குபடுத்தும் டி செல்களும் வரும். கிருமி பல பத்தாண்டுகள் அங்கேயே தங்க முடிவதற்கு இந்த அடக்கிவைத்தலும் ஒரு காரணம். பிறகு ஆன்டிபாடி செய்யும் வழிவந்த பி செல்கள் கூட்டமாகத் திரண்டு நிணநீர்க் கண்ணறைகள் உருவாகின்றன. சிஎக்ஸ்சிஎல்13 என்ற மரபணு அவற்றின் அடையாளம். ஆரோக்கியமான இரைப்பையில் இந்தக் கண்ணறைகள் அநேகமாக இருப்பதே இல்லை. அதனால் என்னைக் கேட்டால், ஐஎல்-8-ஐவிட இந்த அடுக்குதான் எச். பைலோரிக்கு நெருக்கமான சாட்சி. இதே திரட்சிதான் சிலருக்கு மால்ட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயாக மாறுகிறது. அதில் பலருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் கிருமியை ஒழித்தாலே கட்டி சுருங்குகிறது என்பது 1990-களிலேயே தெரிந்துவிட்டது.

மூன்றாவது அடுக்கு, மேற்படலச் செல்களே எடுக்கும் தற்காப்பு: ஐஜிஏ என்ற ஆன்டிபாடியை உட்குழிவுக்குள் கடத்தும் பிஐஜிஆர், கிருமிகளின் இரும்புத் தேடலைத் தடுக்கும் எல்சிஎன்2, ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கும் டியுஓஎக்ஸ்2.

படி 2: மரபணு மாறுபாட்டையும் மரபணு வெளிப்பாட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

இதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். 2000-ஆம் ஆண்டில், ஐஎல்-1பீட்டா மரபணுப் பகுதியில் பிறவியிலேயே இருக்கும் சில மாறுபாடுகள், தொற்று உள்ளவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்ற ஆய்வு வந்தது. ஐஎல்-1பீட்டா அமிலச் சுரப்பைப் பலமாக அடக்கக்கூடியது என்பதால் அது பெரிய கவனம் பெற்றது. ஆனால் அது ஆபத்தைப் பற்றிய தகவல். கிருமி வந்தாலும் போனாலும் பிறவி மாறுபாடு அப்படியேதான் இருக்கும். தொற்றைக் கண்டறிய வேண்டுமானால் ஏறி இறங்கும் ஒன்றை, அதாவது மரபணு வேலை செய்யும்போது அதிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்என்ஏ-வை அளக்க வேண்டும். மரபணு வெளிப்பாடு என்பது இதுதான்.

படி 3: யாருக்குத் தொற்று உண்டு, யாருக்கு இல்லை என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

இங்கே கோட்டைவிட்டால் பின்னால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. ஒரே ஒரு சோதனையை நம்பி 'தொற்று இல்லாதவர்' என்று முத்திரை குத்தாதீர்கள். திசுப் பரிசோதனை, யூரியேஸ் சோதனை, மூச்சுச் சோதனை ஆகியவற்றில் குறைந்தது இரண்டு ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். ஆன்டிபாடி பார்க்கும் ரத்தச் சோதனையைத் தனியாக வைத்து 'இப்போது தொற்று உண்டு' என்று எழுதக் கூடாது. கிருமி ஒழிந்த பிறகும் ஆன்டிபாடி நெடுநாள் நீடிக்கும். ஆனால் இன்னொரு இடத்தில் அது உதவும்: 'எப்போதுமே தொற்று வராதவர்' என்ற குழுவைச் சுத்தமாக வைத்துக்கொள்ள. மற்ற சோதனைகள் எல்லாம் இல்லையென்று சொல்லி ஆன்டிபாடி மட்டும் உண்டென்றால் அவர் பழைய தொற்றுக்காரராக இருக்கலாம். அவரை ஆரோக்கியமானவர் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

அப்புறம் மாத்திரைக் கதை. நம்மூரில் நெஞ்செரிச்சல் என்றால் மருந்துக்கடையில் நேராகப் பான்டாப்ரசோல் கேட்டு வாங்கி, காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்வது சர்வ சாதாரணம். அதைப் பலர் 'மருந்து' என்றே கணக்கில் வைப்பதில்லை. "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "கேஸ் மாத்திரை?" என்று கேளுங்கள்; "அது தினமும் போடுவேனே" என்று பதில் வரும். ஓமெப்ரசோல், பான்டாப்ரசோல் வகை மாத்திரைகளைச் சோதனைக்குக் குறைந்தது 2 வாரம் முன்பும், ஆன்டிபயாடிக், பிஸ்மத் மருந்துகளை 4 வாரம் முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தலாமா என்பதை அவரவர் மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கிருமியின் எண்ணிக்கை குறைந்து சோதனை 'இல்லை' என்று பொய் சொல்லும். அமிலம் குறைந்தால் கிருமி இரைப்பையின் கீழ்ப்பகுதியை விட்டு மேல்பகுதிக்கும் நகரும். உங்கள் மரபணு அளவீட்டையும் அது கலைக்கும்.

படி 4: ஒப்பிடும் குழுவைக் கடினமாக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

தொற்று உள்ள இரைப்பையை முழு ஆரோக்கியமான இரைப்பையோடு ஒப்பிட்டால் எந்த அழற்சி மரபணுவும் பாஸாகிவிடும். மருத்துவமனையில் நம் முன்னால் நிற்கும் கேள்வி அதுவல்ல. வயிற்றுவலியோடு வந்தவருக்கு அழற்சி இருக்கிறது, காரணம் எச். பைலோரியா, வேறா? ஆகவே தொற்று இல்லாத அழற்சிக்காரர்களும் உங்கள் ஒப்பீட்டுக் குழுவில் இருக்க வேண்டும்.

அதிலும் எல்லாக் குழுவும் ஒன்றல்ல. வலி மாத்திரைகளாலோ பித்தநீர் மேலேறுவதாலோ வரும் பாதிப்பில் அழற்சிச் செல்கள் குறைவாகவே இருக்கும். அவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரிய சாதனை இல்லை. உடம்பே தன் அமிலச் செல்களைத் தாக்கும் தன்னெதிர்ப்பு இரைப்பை அழற்சி, குடலழற்சி நோயான கிரோன் நோயால் இரைப்பையில் வரும் அழற்சி ஆகியவைதான் உண்மையான சோதனை. அங்கேயும் உங்கள் மரபணுத் தொகுப்பு நின்றால், அதைப் பற்றிப் பேசலாம்.

கிருமியின் வகையும் முக்கியம். கேக் தொகுதி இல்லாத வகை ஐஎல்-8-ஐ அவ்வளவாகத் தூண்டாது. கிழக்காசிய நாடுகளில் கிட்டத்தட்ட எல்லா வகைகளிலும் கேக்ஏ உண்டு. மேற்கு நாடுகளில் கணிசமான பங்கு வகைகளில் இல்லை. ஜப்பானியத் தரவில் பயிற்றுவித்த தொகுப்பு ஐரோப்பாவில் சறுக்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முடிந்தால் ஒவ்வொரு நோயாளிக்கும் கேக்ஏ உண்டா இல்லையா என்று பிசிஆர் (டிஎன்ஏ-வைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) செய்து குறித்துவையுங்கள்.

படி 5: திசுவை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுதிவையுங்கள்

திருத்தப்பட்ட சிட்னி முறைப்படி ஐந்து துணுக்குகள் எடுப்பது வழக்கம்: கீழ்ப்பகுதியான ஆன்ட்ரத்தில் இரண்டு, வளைவில் ஒன்று, உடற்பகுதியில் இரண்டு. ஆர்என்ஏ-வுக்கு எடுக்கும் துணுக்கு, நோய்க்குறியியலுக்குப் போகும் துணுக்கின் பக்கத்திலிருந்தே வர வேண்டும். அழற்சி திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் இடம் தள்ளிப்போனால் இரண்டும் வேறு கதை சொல்லும்.

கேஸ்ட்ரின் மரபணு ஆன்ட்ரத்தில்தான் பேசும். அமிலப் பம்பின் ஏடிபி4ஏ உடற்பகுதியில் பேசும். உங்கள் 'சிறந்த குறியீடுகள்' பட்டியலின் உச்சியில் இந்த இரண்டில் ஒன்று வந்து உட்கார்ந்தால், புதிய கண்டுபிடிப்பு என்று குதிக்காமல், ஒரு குழுவின் திசு ஓரிடத்திலிருந்தும் மறு குழுவினது வேறிடத்திலிருந்தும் வந்துவிட்டதா என்று பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். ஏடிபி4ஏ குறைவது திசு நலிவின் அடையாளமாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய அந்தப் பதிவேடு வேண்டும்.

ரத்தத்தில் பார்க்கலாமே என்று பலர் கேட்பார்கள். ஆசை நியாயமானது, எண்டோஸ்கோபி யாருக்குப் பிடிக்கும்? ஆனால் இது சளிச்சவ்வோடு ஒட்டி நடக்கும் சண்டை. ரத்த வெள்ளையணுக்களில் அதன் எதிரொலி மெல்லியது; சளி பிடித்திருந்தாலே அது அமுங்கிப்போகும்.

படி 6: ஆர்என்ஏ-வைக் காப்பாற்றுங்கள்

துணுக்கு வெளியே வந்த நிமிடத்திலிருந்து ஆர்என்ஏ சிதையத் தொடங்கும். இரைப்பை போன்ற நொதி நிறைந்த இடத்தில் இன்னும் வேகமாக. ஆகவே எண்டோஸ்கோபி அறையிலேயே ஆர்என்ஏலேட்டர் போன்ற பாதுகாப்புத் திரவம் ஊற்றிய குழாய் தயாராக இருக்க வேண்டும். ஓர் இரவு 4 டிகிரியில் ஊறவைத்து, பிறகு மைனஸ் 80-க்கு மாற்றுங்கள். திரவ நைட்ரஜன் பக்கத்திலேயே இருந்தால் நேராக அதில் போடலாம்.

பிரித்தெடுத்த பின், ஆர்என்ஏ எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்று காட்டும் ஆர்ஐஎன் எண்ணைப் பாருங்கள். அது 1 முதல் 10 வரையிலான அளவுகோல். 7-க்குக் குறைந்தால் யோசித்துத்தான் சேர்க்க வேண்டும். டிஎன்ஏஸ் நொதி கொண்டு எஞ்சிய டிஎன்ஏ-வை அழிக்க மறக்காதீர்கள். திசுவை மெழுகில் பதித்துவைத்த பழைய பாரஃபின் கட்டிகளில் ஆர்என்ஏ துண்டு துண்டாக உடைந்திருக்கும். அவற்றுக்கு நானோஸ்ட்ரிங் போன்ற நேரடி எண்ணும் முறை பொருந்தும்.

படி 7: அளப்பதும், அளந்ததைப் புரிந்துகொள்வதும்

புதிய மரபணுக்களைத் தேட ஆர்என்ஏ வரிசையாக்கம், தேர்ந்தெடுத்த சிலவற்றை உறுதிசெய்ய ஆர்டி-கியூபிசிஆர் (ஆர்என்ஏ-வை டிஎன்ஏ-வாக்கி, சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி அளப்பது) என்பது வழக்கமான பாதை. அமெரிக்காவின் ஜியோ தரவுத்தளத்தில் எச். பைலோரி இரைப்பைத் திசுத் தரவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன, அங்கே தொடங்கலாம்.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. சிடி என்பது ஒரு மரபணு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருக எத்தனை சுழற்சி ஆனது என்பது; எண் குறைந்தால் ஆர்என்ஏ அதிகம். ஒப்பு மரபணு என்பது எல்லாரிடமும் ஒரே அளவில் இருக்கும் என்று நம்பி அளவுகோலாக வைப்பது. தொற்று இல்லாதவரில் ஒப்பு மரபணுவின் சிடி 19, ஐஎல்-8-இன் சிடி 29, வித்தியாசம் 10. தொற்று உள்ளவரில் ஒப்பு மரபணு 19.5, ஐஎல்-8 25.5, வித்தியாசம் 6. இரண்டுக்கும் இடையே 4 சுழற்சிகள். ஒவ்வொரு சுழற்சியும் இரட்டிப்பு என்று கொண்டால் 2-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும், 16 மடங்கு. இந்தக் கணக்கு முழுக்க ஒப்பு மரபணு அசையாமல் இருப்பதை நம்பி நிற்கிறது. வழக்கமாக எடுக்கும் ஜிஏபிடிஎச் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளாமல், உங்கள் திசுக்களில் உண்மையிலேயே அசையாத இரண்டு மூன்றைச் சோதித்துத் தேர்ந்தெடுங்கள். எதையெல்லாம் அறிக்கையில் சொல்ல வேண்டும் என்று 2009-இல் வெளியான மிக்கி (MIQE) வழிகாட்டுதல்கள் பட்டியலிட்டிருக்கின்றன.

சரி, 16 மடங்கு கூடியது. அதற்கு என்ன பொருள்? கல்யாண வீட்டில் சத்தம் கூடியிருப்பது வீட்டுக்காரர்கள் உரக்கப் பேசுவதால் அல்ல, ஆட்கள் வந்திருப்பதால். எஸ்100ஏ8 மரபணு அப்படிப்பட்டது: நியூட்ரோஃபில்களில் அது எப்போதும் ஏராளமாக இருக்கிறது. திசுவுக்குள் நியூட்ரோஃபில் வந்தாலே அளவு எகிறும்; எந்தச் செல்லிலும் எதுவும் புதிதாக முடுக்கிவிடப்பட்டிருக்கத் தேவையில்லை. முழுத் துணுக்கை அரைத்து அளக்கும்போது இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. சைபர்சார்ட் போன்ற மென்பொருள்கள் செல்விகிதத்தை மதிப்பிட்டுத் தரும், அது மதிப்பீடுதான். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் திசு வெட்டிலேயே சாயமேற்றி, எந்தச் செல் பேசுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிஐஜிஆர், டியுஓஎக்ஸ்2 போன்ற மேற்படல மரபணுக்களை எனக்குப் பிடிப்பதற்குக் காரணமும் இதுதான்: அவை வந்தவர்களின் குரல் இல்லை, வீட்டுக்காரர்களின் குரல்.

படி 8: புள்ளியியலில் ஏமாறாதீர்கள்

மனிதரில் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழ் வந்தால் போதும் என்று வைத்தால், எந்த வித்தியாசமும் இல்லாத இரண்டு குழுக்களிலும் சுமார் 1,000 மரபணுக்கள் தற்செயலாகவே தேறிவிடும். தவறான கண்டுபிடிப்பு விகிதத்தை, அதாவது பட்டியலில் தற்செயலாக நுழைந்தவற்றின் பங்கை, கட்டுப்படுத்தாத பட்டியலைப் படிக்கவே வேண்டாம்.

இன்னும் நுட்பமான தவறு ஒன்று உண்டு. எல்லா மாதிரிகளையும் வைத்து மரபணுக்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் பிறகு பயிற்சிக் குழு, சோதனைக் குழு என்று பிரிப்பது. தேர்வுத்தாளை முன்பே பார்த்துவிட்ட மாடல் நூற்றுக்கு நூறு வாங்குவதில் என்ன வியப்பு? முதலில் பிரியுங்கள், சோதனைக் குழுவைப் பூட்டிவையுங்கள், தேர்வு, பயிற்சி எல்லாம் பயிற்சிக் குழுவுக்குள் மட்டும் நடக்கட்டும். லாஸோ, ரேண்டம் ஃபாரஸ்ட் என்று எந்தக் கணினிக் கணிப்பு முறையைப் போட்டாலும் இந்த விதி மாறாது. தொற்று உள்ளவர்களின் மாதிரிகளை ஒரு வாரமும் மற்றவர்களுடையதை இன்னொரு வாரமும் இயந்திரத்தில் ஏற்றியிருந்தால், நீங்கள் அளந்தது வாரத்தையா தொற்றையா என்று யாராலும் சொல்ல முடியாது. கலந்து ஏற்றுங்கள்.

படி 9: வெட்டெண்ணை யாருக்காக வைக்கிறீர்கள்?

வெட்டெண் என்பது 'உண்டு', 'இல்லை' என்று பிரிக்கும் எல்லை. உணர்திறன் (தொற்று உள்ளவரை 'உண்டு' என்று பிடிப்பது) 90 சதவீதம், குறிப்புத்திறன் (தொற்று இல்லாதவரை 'இல்லை' என்று சொல்வது) 90 சதவீதம் கொண்ட ஒரு தொகுப்பு உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேரில் 500 பேருக்குத் தொற்று உள்ள ஊரில் 450 பேரைச் சரியாகவும் 50 பேரைத் தவறாகவும் 'உண்டு' என்று சொல்லும். உண்டு என்ற பதிலில் 90 சதவீதம் சரி. ஆயிரத்தில் 100 பேருக்கே தொற்று உள்ள ஊருக்கு அதே தொகுப்பைக் கொண்டுபோனால் சரியாக 90, தவறாகவும் 90. காசைச் சுண்டிப் போட்டுப் பார்ப்பதற்குச் சமம். ஏயுசி (இரு குழுக்களைப் பிரிக்கும் திறனின் அளவு; 1 என்றால் முழுமை) 0.95 என்று தலைப்பில் போடும் கட்டுரைகள் பல இந்தக் கணக்கைக் காட்டுவதில்லை. நீங்கள் காட்டுங்கள். இன்னொரு ஊரில், இன்னொரு ஆய்வகத்தில், வெட்டெண்ணை மாற்றாமல் ஒருமுறை ஓட்டிய முடிவையும் சேர்த்துக் காட்டுங்கள்.

படி 10: மரபணுக்கள் உண்மையிலேயே உதவும் இடத்தில் சோதியுங்கள்

மூன்று இடங்கள் இருக்கின்றன. ரத்தம் கசியும் அல்சரில் யூரியேஸ் சோதனையும் திசுப் பரிசோதனையும் தவறிப்போவதுண்டு. அப்போது அழற்சியின் கையெழுத்து துணைநிற்கலாம். இரைப்பைச் சவ்வு குடல் சவ்வைப்போல மாறிவிட்ட இடத்தில் கிருமியால் தங்க முடியாது, அது போய்விடும். ஆனால் புற்றுநோய் ஆபத்து இருப்பது அங்கேதான். 1994-இலேயே உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை எச். பைலோரியை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது என்பதை நினைவில் வைத்தால், இந்தப் பழைய தடத்தைப் படிப்பதன் மதிப்பு புரியும்.

மூன்றாவது, சிகிச்சைக்குப் பின். கிருமி ஒழிந்ததும் நியூட்ரோஃபில்கள் சீக்கிரம் விலகுகின்றன, ஐஎல்-8 இறங்குகிறது. டி, பி செல்களான லிம்போசைட்டுகள் மெதுவாகத்தான் கலைகின்றன. கண்ணறைகள் மாதக்கணக்கில், சிலரில் ஓராண்டுக்கு மேலும் நிற்கும். அதனால் சிஎக்ஸ்சிஎல்13 உயர்ந்தே இருப்பதை வைத்துச் சிகிச்சை தோற்றுவிட்டது என்று எழுதக் கூடாது. வேகமாக இறங்கும் ஒரு மரபணுவும் மெதுவாக இறங்கும் ஒரு மரபணுவும் சேர்ந்த ஜோடியை எடுத்தால், 'இப்போது உண்டு', 'அண்மையில் இருந்தது', 'எப்போதும் இல்லை' என்ற மூன்றையும் பிரிக்க முடியுமா என்பது கேட்கத் தகுந்த கேள்வி. அதற்கு ஒரே நோயாளியிடம் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் திசு எடுக்க வேண்டும். கடினம்தான், நெறிமுறைக் குழுவும் கேள்வி கேட்கும். ஆனாலும் நூறு பேரை ஒருமுறை பார்ப்பதைவிட இருபது பேரை மூன்று முறை பார்ப்பது இங்கே அதிகம் சொல்லும் என்று நினைக்கிறேன்.

ஆன்டிபயாடிக் தேர்வுக்கு இந்த மரபணுக்களை எதிர்பார்க்காதீர்கள். கிளாரித்ரோமைசின் எடுபடுமா என்பது கிருமியின் 23எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவில் உள்ள மாற்றங்களைப் பொறுத்தது. அதைக் கிருமியிடமே கேட்க வேண்டும்.

நோயாளியாக இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: மனித நோய் எதிர்ப்பு மரபணுக்களை அளந்து எச். பைலோரியைக் கண்டறிவது வழக்கமான மருத்துவப் பரிசோதனையாக வரவில்லை. யாராவது அப்படி ஒரு பேக்கேஜ் விற்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுச் சோதனையோ மல ஆன்டிஜென் சோதனையோ போதும். தொற்று இருந்து மாத்திரைக் கோர்ஸ் முடித்தவர்கள், குறைந்தது 4 வாரம் கழித்து, கேஸ் மாத்திரையை 2 வாரம் நிறுத்தி, அதே சோதனையை இன்னொரு முறை செய்து கிருமி போய்விட்டதா என்று பார்த்துவிடுங்கள். அறிகுறி நின்றுவிட்டது என்று இந்த மறுசோதனையை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.